சட்டை போட்ட கத்திரி விதை

ஜாவாவின் ஜெம்பர் ஊரில் எங்கள் தெருவில் கார்யாடியின் கத்திரிக்காயைத் தின்னாதவர் கிடையாது. வெளிர்பச்சையில் விரல் நீளத்துக்குக் காய்க்கும் அந்த ரகம் அவருடைய குத்தகைக் கொல்லையில் மட்டும்தான் இருந்தது. அவர் மனைவி வார்சினி அக்காவுக்கும் எனக்கும் விதைக் கம்பெனியில் ஒரே அறையில் வேலை. சுழலும் சட்டியில் விதையைக் கொட்டி, பசைநீர் தெளித்து, களிமண் தூள் தூவி உருட்டி, ஒவ்வொரு விதைக்கும் மேல்பூச்சு ஏற்றுவோம். ஈரம் காயுமுன்பே தட்டோடு சன்னல் வழியே அடுத்த அறைக்கு நீட்டுவோம். அங்கே எப்படிக் காயவைக்கிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"ஊரான் விதைக்கெல்லாம் சட்டை போட்டு விடுறே. என் விதை மட்டும் அம்மணமா கெடக்கு" என்பார் கார்யாடி.

"ஒங்க விதைக்கு வெக்கம் வந்தாச் சொல்லுங்க, தெச்சுத் தாரேன்" என்பாள் அக்கா.

பாவி மனிதர், ஒரு காய்ச்சலில் போய்விட்டார். நிலத்துக்காரன் கொல்லையைத் திருப்பிக் கேட்டான். அக்கா பழுத்த காய்களை அறுத்து விதை எடுத்தாள். எங்கள் வழக்கப்படி அவர் இறந்த ஆயிரமாம் நாள் வைக்கும் விருந்துக்கு அவர் கத்திரிக்காயைத்தான் சமைப்பேன், அதற்கு முன்னால் சாக்கில் மண் கட்டி விதைப்பேன் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? ஒரு பிடிகூட மிச்சம் வைக்காமல் அத்தனைக்கும் முறத்தில் உருட்டிக் களிமண் பூசினாள்.

அடைமழைக் காலம். மேலே தொட்டால் காய்ந்துதான் இருந்தது. பிஸ்கட் டின்னில் போட்டு, காற்றுப் புகாமல் மெழுகு வைத்து அடைத்தாள்.

விருந்துக்குச் சில மாதம் முன்பு திறந்தபோது பூசண நாற்றம் குப்பென்று அடித்தது. களிமண்ணுக்குள் நின்ற ஈரம் விதையை அழுக வைத்திருந்தது. ஆனாலும் விதைத்தாள். வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் சாக்குகளிடம் போய் நிற்பாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. 

ஆயிரமாம் நாள் வந்தது. சந்தையில் ஏதோ பச்சைக் கத்திரி வாங்கித் தேங்காய்ப்பாலில் சமைத்தோம். துஆ ஓதி முடித்த பள்ளிவாசல் மோதினார் வழித்துத் தின்றார்.

"ஆளு போயும் அவன் காய் போகல பாரு! அதே ருசி. எனக்கு நாலு விதை குடும்மா, நானும் போடுறேன்."

"தாரேன், மோதினாரே" என்று தலையாட்டினாள் அக்கா.

அடுப்படிக்கு வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அவருக்குன்னு மிச்சமிருந்தது அது ஒண்ணுதான்டி. அதையும் நானே மூச்சு முட்ட வச்சுக் கொன்னுட்டேன்."