அப்டேட்டில் போன பாட்டுகள்

பழைய கம்ப்யூட்டர்களிலும் ஓடும் ஒரு இலகுவான லினக்ஸ் இயங்குதளத்துக்கு, வீட்டிலேயே பாட்டுகளைச் சேர்த்து வைத்துக் கேட்க உதவும் மென்பொருளைத் தொகுத்துத் தருகிறேன். சம்பளம் கிடையாது. ஓசியில் செய்கிறேன் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

மைசூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் செல்வி அக்கா ஒரு காலையில் வந்தார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவர் பாட்டுக் கேட்க, நான்தான் அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

“சும்மனே அப்டேட்தான் கொடுத்தேன்பா. லிஸ்ட் பூரா போயிடுச்சு.”

“காப்பி எடுத்து வைக்காதது உங்க தப்புக்கா. ஓசியில செய்யறவன் இதுக்கெல்லாமா பொறுப்பு?” என்று எரிந்து விழுந்தேன். அவர் மாடிக்குத் திரும்பிவிட்டார்.

அதே எரிச்சலோடு, அப்டேட்டின்போது ஓடும் என் ஸ்கிரிப்டைத் திறந்தேன். பழைய தரவு முழுவதையும் அழிக்கும் வரி ஒன்று அதில் இருந்தது. சோதனைக்காக நானே எழுதி, எடுக்க மறந்தது.

மாடிக்கு ஓடினேன். “தப்பு என்னோடதுதான்கா. அது என்ன லிஸ்ட்?”

“எந்தப் பாட்டுக்கு இவர் விரல் அசையுதோ, அதை மட்டும் சேர்த்து வெச்சிருந்தேன். ரெண்டு வருஷமா.”

வரியை அன்றே நீக்கினேன். அது வேறு எத்தனை வீடுகளில் எதையெல்லாம் அழித்ததோ, தெரியாது. ஓசியில் செய்தால் அலட்சியமாகச் செய்யலாம் என்று எனக்கு யார் சொன்னது?

இப்போது தினமும் மாலையில் அக்கா கணவரின் கட்டிலருகே உட்கார்ந்து, விரலைப் பார்த்தபடி ஒவ்வொரு பாட்டாகப் போடுகிறேன். இதுவரை நாலு தேறியிருக்கிறது.