இரண்டு தெருவுக்கு ஒரு வாளி

அன்றைக்குக் கிணற்றடியில் இருந்தவர்கள் ஆறு பேர். மேலே, எங்கள் தெருவிலிருந்து என் அக்காவும் கரைவலைக்காரர் ஒருவரும். முஸ்லிம் தெருவிலிருந்து பிட்டு விற்கிற ராத்தாவும் அவருடைய மருமகனும், இரண்டு தெருவுக்கும் சாமான் கொடுக்கிற கடை முதலாளியும். கீழே, கிணற்றின் அடியில், நான். இதை ஏன் இவ்வளவு கணக்காகச் சொல்கிறேன் என்றால், பிறகு அந்தக் கதையைக் கண்ணால் கண்டதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு அங்கே இல்லை.

மூதூர்ப் பக்கத்தில், கொட்டியாரக் குடாவை ஒட்டிய ஊர் எங்களுடையது. அந்த வருஷம் மாரி பொய்த்துவிட்டது. வறண்ட கச்சான் காற்றுத் தொடங்கியதும் வீட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்ந்தன. இரண்டு தெருவும் சந்திக்கிற இடத்திலிருந்த பொதுக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். அதுவும் அடியில் ஒரு பள்ளத்தில்தான் ஊறும், வாளி முங்காது. ஒருவர் இறங்கி நின்று தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி வாளியில் ஊற்ற வேண்டும். அந்தக் கிணறு கீழே போகப் போக ஒடுங்கும். இரண்டு தெருவிலும் என்னை விட ஒல்லியான ஆம்பிளை இல்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, விறகு வெட்டி விற்றவன் நான். பயம் என்னோடு கூடப் பிறந்தது. இறங்க முன்னம், எரிகிற தென்னோலைச் சூள் பந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்போம். அணையாவிட்டால் உள்ளே மூச்சு விடலாம். அது நன்றாக எரிவதைக் கண்ட பிறகும், கயிறு அறுமோ, கல் கழலுமோ, பாம்பு கிடக்குமோ என்று நினைத்தபடிதான் இறங்குவேன். ஆனால் இறங்குவேன்.

அடியில் நிற்பவனுக்கு மேலே இருப்பவர்களின் முகம் தெரியாது. வெளிச்சத்தில் தலைகள் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். வாளி தெரியும். அந்தக் காலத்தில் அவரவர் வாளி, அவரவர் கயிறு. ஒருவர் வாளியை மற்றவர் தொடமாட்டார். அக்காவின் வாளி ஒடுங்கலானது, நீலம் பூசியது. ராத்தாவின் வாளி அடி அகன்ற அலுமினியம். இரண்டுக்கும் எண்ணி ஒரே அளவு சிரட்டைதான் ஊற்றினேன். அகன்ற வாளியில் அது குறைவாகத் தெரிந்தது.

அன்று காலை மருமகன் வாளியை இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "ஒங்கட வாளி தளும்பத் தளும்ப வருது. எங்கட வாளி அரைவாசி. வராமப் போகுமா? ஒங்கட ஆள்தானே கீழ நிக்கிறான்!"

கரைவலைக்காரர் விடவில்லை. "அப்ப நீ இறங்கன் மச்சான். உன்ர வயிறு பாதி வழியில இறுகி நிக்கும். பிறகு உன்னை இழுக்க ரெண்டு தெருவும் வரோணும்."

"வயித்தப் பத்திக் கதைக்காத. தண்ணியப் பத்திக் கதை."

"சரி, இனிக் காலமை எங்களுக்கு, பின்னேரம் உங்களுக்கு. முடிஞ்சுது கதை."

"ராவெல்லாம் ஊறின தண்ணி ஒங்களுக்கு, மிஞ்சின சேறு எங்களுக்கா?" என்றார் ராத்தா.

யாரோ யாரையோ தள்ளியிருக்க வேண்டும். கிணற்றுக் கட்டிலிருந்து ஒரு கல் என் தோளை உரசிக்கொண்டு விழுந்து, இருந்த தண்ணீரைக் கலக்கிவிட்டது. இவர்கள் மேலே அடிபட்டால் அடுத்த கல் என் தலையில். அதை விட, நான் களவு செய்கிறவன் என்ற பேர் நின்றுவிடும். நான் என் வாழ்நாளில் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

"நிப்பாட்டுங்கோ! எல்லாருக்கும் ஒரே வாளியை இறக்குங்கோ. ஆரின்ர தண்ணி எண்டு எனக்குத் தெரியவே வேண்டாம். ஒருத்தரும் கதைக்கவும் வேண்டாம், குரல் பிடிபடும். இல்லாட்டி ஒரு சிரட்டையும் அள்ளமாட்டன்!"

மேலிருந்து கரைவலைக்காரரின் குரல்: "கிணத்துக்குள்ள நிண்டு சட்டம் கதைக்கிறான். கயிறு எங்கட கையில எண்டதை மறந்திட்டான்."

சிரிப்புக் கேட்டது. இரண்டு தெருச் சிரிப்பும்.

அக்காவுக்குத்தான் மனம் வரவில்லை. "எல்லாரும் புழங்கின வாளித் தண்ணியை எப்பிடி ராத்தா சாமிக்கு வைக்கிறது?"

"சாமிக்கும் விடாய்தானே புள்ள. எங்களுக்கும் தொழ முன்னம் கை கால் கழுவச் சுத்தமான தண்ணி வேணும். ஆரும் பாவிக்காத புது வாளியா இறக்கட்டும்."

முதலாளி போய்க் கடையில் தொங்கிய புது வாளியைக் கொண்டுவந்தார். "ஒன்பது ரூபா. தெருவுக்குப் பாதி. காசு ஆறுதலாப் பொறகு தாங்க."

வாளி இறங்கியது. நிரப்பினேன். கயிறு இரண்டு தரம் வெட்டி இழுபட்டு ஏறியது. அக்காவின் இழுவை அது, எனக்குத் தெரிந்துவிட்டது. அதையும் கத்திச் சொன்னேன். "இவனுக்குக் கண்ணையும் கட்டி விடோணும்" என்று முணுமுணுத்தபடி கரைவலைக்காரரும் மருமகனும் சேர்ந்து கயிற்றைப் பிடித்தார்கள். சண்டை பிடித்த அந்த இரண்டு பேரும் மழை வரும்வரை ஒரே கயிற்றை இழுத்தார்கள். குடங்கள் மேலே முறைப்படி நிறைந்தன. நான் ஒவ்வொரு முறையும் விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். எது யாருடையது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அந்தக் கச்சானில் வேறு ஊர்களில் தண்ணீருக்காக மண்டை உடைந்தது. எங்கள் கிணற்றடியில் ஒரு முறைப்பாடும் இல்லை. பட்டினத்துக்கு லோஞ்சுப் படகில் போகும்போது, "ஒரு வாளி ஊரோ நீங்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. ஓம் என்பேன். கீழே நின்றது நான்தான் என்றும் சொல்வேன். அதைச் சொல்ல எனக்குப் பயம் வந்ததில்லை.

முஸ்லிம் தெரு வாளிக் காசில் தன் பாதியை உடனே கட்டியது. எங்கள் தெருவில் மூன்று ரூபாதான் சேர்ந்தது. மிச்சத்தை என் விறகுக் காசில் கொண்டுபோனேன். முதலாளி கை நீட்டவில்லை.

"கீழ நிண்டதுக்கு ரெண்டு தெருவும் ஒனக்கு ஒரு சதம் கூலி தரல்ல. நீ எனக்குத் தாறியா? போ தம்பி, மழைக்குப் பொறகு பாப்பம்."

மழை வந்தது. அதன் பிறகும் அவர் கடைக்குப் போனபோதெல்லாம் நீட்டினேன், அதே பதில்தான். வாளியின் அடி துருப்பிடித்துக் கழன்றும் போனது. எங்கள் தெரு இன்னும் கட்ட வேண்டியது ஒரு ரூபா ஐம்பது சதம்.