ஆறு புள்ளி வாங்கிய கட்டுரை

ஆசிரியப் பயிற்சியின் கடைசி வருடத்தில், அமெரிக்காவின் கறுப்பினக் கல்லூரிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மற்றப் பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில் கறுப்பின மக்களுக்காக எழுந்த கல்லூரிகள் அவை. இன்றும் அங்கே படித்தவர்கள் மருத்துவர்களாக, பொறியியலாளர்களாக, நீதிபதிகளாக வருகிறார்கள். எப்படி என்று தேடி நான் கண்ட விடை எளிமையானது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வருகிற பிள்ளையிடம், உன்னால் முடியுமா என்று அங்கே கேட்பதில்லை. முடியும் என்று எடுத்துக்கொண்டு, என்ன உதவி வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

கட்டுரைக்கு ஆறு புள்ளி கிடைத்தது. எங்கள் குடும்பம் வந்து குடியேறிய இந்த நாட்டில் அதற்கு மேல் புள்ளி இல்லை.

அதைக் காட்டப் போனபோது அம்மா இஸ்திரி மேசையில் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தார். ஆரா நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்கிறவர், சனிக்கிழமைகளில் எங்கள் உடுப்பையும் மினுக்குவார். ஐந்தாம் வகுப்போடு அவருடைய பள்ளிக்கூடம் நின்றுபோனது. எங்கள் குடும்பத்தில் படித்து மேலே வந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள நான் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

கட்டுரையைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "உன்ரை வகுப்பிலை அப்பிடிப் பிள்ளையள் இருக்கினமோ?" என்றார்.

ஒருத்தி இருந்தாள். நான் பயிற்சிக்குப் போன ஆறாம் வகுப்பில், எரித்திரியாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை. அந்த வகுப்பு முடிவில்தான் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். உயர் பிரிவுப் பள்ளியான பெட்ஸுக்குப் போனால் பல்கலைக்கழகம் வரை நேர்வழி. அதற்குக் கீழ்ப் பிரிவான செக் என்றால் பெரும்பாலும் தொழிற்பயிற்சி. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், ஜெர்மன் நடுத்தரம். தாயும் மகளும் வந்திருந்த கூட்டத்தில் வகுப்பாசிரியை செக்கைச் சொன்னார். தாய் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். ஆசிரியை என் பக்கம் திரும்பி, நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார்.

பெட்ஸுக்குப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என்னைப் போன்ற நிறம் என்பதால் பரிந்து பேசுகிறேன் என்று அந்த ஆசிரியை எண்ணிவிடுவாரோ என்று பயந்தேன். "பெட்ஸ் வேண்டாம். அங்கே அவளுக்குக் கஷ்டமாக இருக்கும்" என்றேன். தாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா மினுக்கியை நிமிர்த்தி வைத்தார்.

"ஆறாம் வகுப்பிலை உனக்கும் செக் எண்டுதானே வாத்திமார் சொன்னவை. நானும் அப்பாவும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்தனாங்கள். நீ சுத்திச் சுத்தித்தானே ஏறி வந்தனீ." பிறகு உடுப்பை மடித்துக்கொண்டே, "இப்ப நீயும் அவையின்ரை பக்கத்துக் கதிரையிலை இருக்கிறாய், என்ன?" என்றார்.

செக்கிலிருந்து சுற்றி வந்ததில் எனக்கு இரண்டு வருடம் போனது. அதை என் வெற்றிக் கதையாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை ஆசிரியையிடம் போய், நான் சொன்னது பிழை என்றேன். அவர் கோபிக்கவில்லை. தாய் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கேட்டால் மறுபடி பார்க்கலாம் என்றார். பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் தாயைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். ஆசிரியை சொன்னபோது தான் நம்பவே இல்லை என்றும், தங்களைப் போன்ற ஆளான என்னை நம்பித்தான் கையெழுத்து வைத்ததாகவும் அவர் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார். பிறகு மகளிடம் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார்.

பிள்ளை தாய்க்குப் பதில் சொல்லாமல், பைப் பட்டியைத் திருகிக்கொண்டே என்னிடம் ஜெர்மனில் சொன்னாள்.

"பெட்ஸ் வேண்டாம். அங்கே எனக்குக் கஷ்டமாக இருக்கும்."

அந்தக் கிழமை முழுவதும் ஒவ்வொரு இடைவேளையிலும் அவளோடு கதைத்துப் பார்த்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமை மணி அடித்தபோதும் தாயின் கடிதம் வந்திருக்கவில்லை.