யாரும் கேட்காத ஓட்டு

டொமினிக் ரூவன் தீவன லாரி ஓட்டியவர். அயர்லாந்தின் மேற்குக் கோடியில் மேயோ மாவட்டத்து நொக்லாரா மேடுதான் அவருக்கும் எனக்கும் ஊர். 1974-இல் எந்தக் கட்சியும் இல்லாமல் மாவட்ட மன்றத்துக்கு நின்றார். எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் ஜெயித்துவிட்டார். அடுத்த முறையும் அப்படியே.

அவர் ஓட்டுக் கேட்கும் விதமே தனி. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார். "ஒண்ணாம் நம்பர் உங்க கட்சிக்குத்தான், அது தெரியும். ரெண்டாம் நம்பரை யாருக்காவது பேசி வச்சிட்டீங்களா?"

எங்கள் தொகுதிக்கு மன்றத்தில் பல இடங்கள்; அதனால் ஓட்டுச்சீட்டில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவோம். எண்ணும்போது கடைசியில் நிற்பவர் வெளியேறுவார். அவருடைய சீட்டுகள், அவற்றில் அடுத்த எண் பெற்றவருக்குப் போகும். மற்றவர்கள் விழ விழ டொமினிக் ஏறிக்கொண்டே போவார்.

1985 தேர்தலில் அவர் எதிர்வீட்டு பிலோமினா பாரெட் எங்கள் கட்சி சார்பில் முதன்முறையாக நின்றாள். என்னோடு பள்ளியில் படித்தவள். எண்ணும் இடத்தில் தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு, பிரித்துப் போடும் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டுக் கணக்கு வைப்பது என் வேலை. நொக்லாரா பெட்டியில் நாற்பத்தொரு சீட்டு. டொமினிக்குக்கு ஒன்றாம் எண் ஒன்றுகூட இல்லை. அக்கம்பக்கத்தார் பரம்பரைக் கட்சிக்காரர்கள், சரி. மனைவி ஊனா? அட, அவரே?

அந்த முறையும் கடைசிச் சுற்றில் அவர் தப்பினார், பிலோமினா தோற்றாள். எனக்கோ மண்டை குடைந்தது. ஆட்டுச் சந்தையில் பிடித்துக்கொண்டேன்.

"யோவ் டொமினிக், உங்க வீட்டு நாயாவது உங்களுக்குப் போடும்னு நினைச்சேன்."

"அதுக்கு இன்னும் பதினெட்டு ஆகலப்பா" என்று நழுவிவிட்டார்.

ஆறு வருடம் போனது. 1991-இல் இருவரும் மறுபடி நின்றார்கள். ஐந்தாம் சுற்று முடிவில் பிலோமினாவுக்கு 613, டொமினிக்குக்கு 612. அவர்தான் கடைசி, வெளியேறினார். அவருடைய சீட்டுகளே அவளை மேலே தூக்கிவிட்டன.

"மறுபடி எண்ணச் சொல்லுங்க!" என்று அவருடைய ஆட்கள் கத்தினார்கள்.

"எண்ணினது சரிதான். விடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் லாரிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

என் தாளைப் பார்த்தேன். நொக்லாரா பெட்டியில் மறுபடியும் சைபர். ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினேன். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"ஒரே ஒரு ஓட்டு! யாருக்குய்யா போட்டீங்க?"

"பிலோமினாவுக்கு."

"பைத்தியமா உங்களுக்கு?"

கண்ணாடியில் படிந்த ஆவியைச் சட்டைக் கையால் துடைத்தார். "எண்பத்தஞ்சுல, ஓட்டுக்கு முதநாள் எங்க சமையலறைக்கு வந்தா. டீ குடிச்சா. 'உங்க ரெண்டு பேர் ஒண்ணாம் நம்பரும் எனக்கு வேணும்'னு நேராக் கேட்டா. அதுவரைக்கும் என்கிட்ட யாருமே ஓட்டுக் கேட்டதில்ல, ஜார்லத். எனக்கே போட்டுக்குவேன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. நானே வாசல் வாசலாக் கேட்டுத் திரியறவன். கேட்டு வந்தவளுக்கு இல்லைன்னு எப்படிச் சொல்ல? இந்தத் தடவையும் வந்தா, கேட்டா."

"சரின்னு சொல்லிட்டு மாத்திப் போட்டா யாருக்குத் தெரியும்?"

"பென்சிலைப் பிடிச்சிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன்தான். பின்னாடி யாரோ இருமினாங்க. சட்டுனு எழுதிட்டேன்." லாரிச் சாவியைத் திருகிக்கொண்டே, "அவகிட்ட சொல்லிடாதே" என்றார்.

ஒரு வாரம்தான் வாயைக் கட்ட முடிந்தது. கேட்டதும் பிலோமினா கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டாள்.

"நான் சும்மா சீண்டிப் பாக்கத்தானே கேட்டேன்! நிஜமாவா போட்டாரு?"

அன்றே சாலையைக் கடந்து போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதன்பின் மன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள் காகிதக் கட்டோடு அவள் அந்த வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. மன்றத்தில் அவள் கேட்கும் கேள்விகளில் பாதி அவர் எழுதிக் கொடுத்தவை என்று கட்சிக்குள் முணுமுணுத்தார்கள்.

1999-இல் அவர் மறுபடி நின்றார். பிலோமினா இம்முறை கேட்கப் போகவில்லை. இருவருமே ஜெயித்தார்கள். சாலை, பள்ளிக்கூடம், குப்பை என்று எதிலும் ஒத்துப்போகாத இருவர், நொக்லாராவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்பதில் மட்டும் ஒரே குரலில் கத்தினார்கள். இரண்டு வருடத்தில் குழாய் வந்தது. முதல் நாள் ஊனா குழாயைத் திறந்தபோது கால்மணி நேரம் பழுப்புத் தண்ணீராகக் கொட்டியது. "இது உங்க பக்கத்துக் குழாய்" என்றாள் பிலோமினா. "உங்க கட்சி ஆளு பதிச்சது" என்றார் அவர். அந்தச் சண்டை ஓய்வதற்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது.