வெள்ளைப் பாவாடையில் ஆறு கோடைகள்

கல்யாணம் முடிந்து லண்டனுக்குப் புறப்பட்டபோது என் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு ஜோடி கிரிக்கெட் ஷூ இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் நான்தான் வைத்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அதற்கு முன் சில வருஷங்கள் மாநிலப் பெண்கள் அணிக்கு இடதுகை சுழற்பந்து வீசியிருந்தேன். இரண்டாம் வகுப்பு ரயில் பெட்டியில், கால்காப்புகளைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் ஆடியவர்கள் நாங்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா அதையெல்லாம் "கொஞ்சம் ஸ்போர்ட்ஸ்ல இன்ட்ரெஸ்ட் உண்டு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தனியாகப் பேசக் கிடைத்த ஐந்து நிமிஷத்தில் மாப்பிள்ளையாக வந்தவர்தான் கேட்டார்.

"ஸ்பின் போடுவீங்களாமே? லண்டன்லயும் கிரவுண்டு இருக்கு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சம்மதம் சொன்னேன் என்று இன்றைக்கும் அவரைச் சீண்டுவதுண்டு.

கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டில் மாடி அறை எங்களுக்கு. வீட்டுக்கார அக்கா முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு, கிரீன் ஸ்ட்ரீட் கடைகளுக்கு பிளவுஸ் தைத்துக்கொடுப்பார். அவர் மூலமாகத்தான் எனக்கும் அப்டன் பார்க்கில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது. என் கணவர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஷிப்ட் பார்த்தார். முதல் வருஷம் ஷூவைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. குளிருக்குப் பழகுவதற்கே அந்த வருஷம் போய்விட்டது.

அடுத்த ஏப்ரலில் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு சின்ன அட்டையைப் பார்த்தேன். பெண்கள் கிரிக்கெட் அணிக்கு ஆட்கள் தேவை, புதியவர்களும் வரலாம் என்று கையால் எழுதியிருந்தது. அதிலிருந்த போன் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

பயிற்சிக்குப் போன அன்று அணித் தலைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பதை நெருங்கும் வயது, பஸ் ஓட்டுநர் வேலை, உரத்த குரல்.

"இதற்கு முன்னால் ஆடியிருக்கிறாயா?"

"கொஞ்சம்" என்றேன்.

பந்தை என்னிடம் போட்டுவிட்டு அவரே மட்டையுடன் நின்றார். முதல் பந்து அவர் மட்டையைத் தாண்டிப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது ஸ்டம்பைத் தட்டியது. அவர் நிமிர்ந்து, "இந்தக் கொஞ்சத்தை எங்கே கற்றாய்?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஊரில் நாங்கள் பாண்ட் போட்டுத்தான் ஆடினோம். இங்கே பெண்கள் வெள்ளைப் பாவாடையும் முழங்கால் வரை சாக்ஸும்தான் போட வேண்டுமாம். அது விதி. தலைவி கொடுத்த மாதிரிப் பாவாடையைக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினேன். நடுவில் பிரிந்து, பாவாடை மாதிரி தொங்கும் ஒரு உடுப்பு. அக்கா அதைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ன பிள்ளை? பாவாடையும் இல்லை, களிசானும் இல்லை."

"இதைப் போட்டுட்டுத்தான் ஆடணுமாம் அக்கா."

"இந்தக் குளிருக்கோ? உமக்கென்ன விசரோ?" என்றவர் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு என் இடுப்பை அளக்கத் தொடங்கிவிட்டார். மாதிரியைவிட நான்கு விரற்கடை நீளமாகவே தைத்தார். ஒருவரும் கேட்கவில்லை.

முதல் ஆட்டம் மே மாதத்தில். இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் உடம்பு நடுங்கியது. விரல்கள் மரத்துப்போய், பந்தின் தையல் கைக்குத் தெரியவே இல்லை. முதல் ஓவரில் மூன்று பவுண்டரி. அக்குளுக்குள் கையை வைத்துச் சூடுபடுத்திக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. ஜூன் வந்து வெயில் கொஞ்சம் ஏறியதும்தான் என் விரல்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. அந்த ஊர் ஈரத் தரையில் பந்து மெதுவாகத் திரும்பும். மட்டையாளருக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். ஆகவே கொஞ்சம் வேகமாக வீசப் பழகினேன். அந்தக் கோடை முடியும்போது அணியில் அதிக விக்கெட் எடுத்தவள் நான்தான். தலைவி ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தார்.

மூன்றாவது கோடையில் மகள் வயிற்றில் இருந்ததால் பாதியில் நிறுத்தினேன். இனி அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அடுத்த ஜூனில், குழந்தைக்கு ஏழு மாதம் இருக்கும்போது, கவுண்டி அணியில், அதாவது மாவட்ட அணியில், ஆட என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. தலைவிதான் என் பெயரைச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காதான் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், அதனால் கவலைப்படவில்லை. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்கா மாடிக்கு ஏறி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பிள்ளை, ஞாயிறு என்னால ஏலாது. தம்பி வாறான். எயர்போட்டில நான் நிக்கவேணும்."

எட்டு வருஷமாக அவர் தம்பியைப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கிய பிறகு கடிதம்கூட எப்போதாவதுதான் வரும். நான் அக்காவின் கையைப் பிடித்து, "கண்டிப்பா போங்க அக்கா" என்றேன். என் கணவருக்கும் அன்று ஷிப்ட். நடைவழியில் இருந்த போனில் தலைவியைக் கூப்பிட்டு, வர முடியாது என்று சொன்னேன்.

"குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா" என்றார் அவர். "பன்னிரண்டாவது ஆள் சும்மாதானே உட்கார்ந்திருப்பாள், பார்த்துக்கொள்வாள்."

அப்படித்தான் என் முதல் கவுண்டி ஆட்டத்துக்குத் தள்ளுவண்டியோடு போனேன். அணியின் மேலாளர் தொப்பி வைத்த ஒரு வயதான பெண்மணி. வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குழந்தை ஸ்கோர் எழுதுபவரின் மேசைக்குப் பக்கத்தில் தூங்கியது.

என் ஆறாவது ஓவரின் நடுவில் அழுகைச் சத்தம் கேட்டது. அத்தனை தூரத்திலும் அது பசி அழுகை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த பந்து கையிலிருந்து நழுவி நேராக மட்டைக்குப் போய், எல்லைக்கோட்டைத் தாண்டியது. அதற்கடுத்ததும் அப்படியே. அன்றைக்கு எங்களை வெளுத்துக்கொண்டிருந்த எதிரணி ஆட்டக்காரி மட்டையை ஊன்றி நின்று கேட்டாள்.

"அது உன் குழந்தையா?"

நான் தலையாட்டினேன். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவள் நடுவரிடம் திரும்பி, "தேநீர் இடைவேளையை இப்போதே எடுத்துக்கொள்ளலாமே. எனக்கும் தாகமாக இருக்கிறது" என்றாள். நடுவர் இரண்டு தலைவிகளையும் பார்த்தார். இருவரும் சரி என்றார்கள். இருபது நிமிஷம் முன்னதாகவே எல்லோரும் மைதானத்தை விட்டு வெளியேறினோம்.

உடைமாற்றும் அறையில் கால்காப்புகளைத் தள்ளிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். மார்பும் நெஞ்சும் ஒன்றாகக் கனத்துக்கொண்டிருந்தன. யாரும் உள்ளே வராதபடி அந்தத் தொப்பிக்கார மேலாளர் வாசலில் எனக்கு முதுகு காட்டி நின்றார். நான் வெளியே வந்ததும், பீங்கான் கோப்பையில் தேநீரும் ஒரு துண்டு கேக்கும் எடுத்துக் கொடுத்து, "நிதானமாகச் சாப்பிடு. நேரம் இருக்கிறது" என்றார். அன்று அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

இடைவேளைக்குப் பிறகு என் நான்காவது பந்தில் அந்த ஆட்டக்காரி இறங்கி வந்து அடிக்கப் பார்த்தாள். பந்து திரும்பி, கீப்பர் கைக்குப் போனது. ஸ்டம்பிங். எனக்குச் சந்தோஷப்படுவதா வருந்துவதா என்று தெரியவில்லை. அவள் போகும்போது என் தோளில் தட்டி, "வாயை மூடிக்கொண்டு ஆடியிருக்க வேண்டும் நான்" என்று சிரித்தாள். மொத்தம் மூன்று விக்கெட் எடுத்தேன். ஆட்டத்தில் தோற்றுவிட்டோம்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் அக்காவின் தம்பி உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். மெலிந்த உருவம், தனக்குப் பெரிதான ஒரு கோட். இரண்டு நாள் தூங்காத கண்கள். அக்கா அழுது முடித்து, புட்டு அவித்துக்கொண்டிருந்தார். என் உடுப்பைப் பார்த்துத் தம்பி திகைத்துப்போனார்.

"இவ எங்க போய் வாறா, அக்கா?"

"கிரிக்கெட் விளையாடிப்போட்டு வாறா."

அவர் எழுந்து நின்றே விட்டார். "எத்தினை விக்கெட்?"

லண்டனில் அதுவரை தமிழில் ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பாவாடை ஏன், குழந்தை எங்கே, வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டாரா என்றுதான் கேட்பார்கள்.

"மூணு" என்றேன்.

"ஸ்பின்னோ? வலக்கையோ, இடக்கையோ?"

அக்கா நறுக்க வைத்திருந்த உருளைக்கிழங்குகளில் ஒன்றை எடுத்து, விரல்களை எப்படி வைப்பேன் என்று காட்டினேன். அவர் இன்னொன்றை எடுத்துத் தன் பிடியைக் காட்டினார். பள்ளிக்கூட அணிக்கு ஆடியவராம். அவர் ஆடிய மைதானத்தில் இப்போது யாரும் ஆடுவதில்லை என்றார். ஸ்டம்பிங் ஆன பந்தைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பந்து எவ்வளவு திரும்பியது, கீப்பர் எங்கே நின்றாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புட்டு ஆறுகிறது என்று அக்கா சத்தம் போடும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது கவுண்டி ஆட்டத்தில் என் பந்துகளை நாலாபக்கமும் அடித்தார்கள். பிறகு அழைப்பு வரவில்லை. ஒரு வாரம் வருத்தமாக இருந்தது, அப்புறம் பழைய அணியிலேயே இன்னும் இரண்டு கோடை ஆடினேன். அதற்குள் ஒரு வேலையில் சேர்ந்திருந்த அக்காவின் தம்பி, ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் வந்து எல்லைக்கோட்டருகே தனியாக நின்று பார்ப்பார். நல்ல பந்துக்கு மட்டும் கை தட்டுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் லண்டனின் மறுகோடியில் இருக்கும் கிங்ஸ்பரியில் வீடு வாங்கிக் குடிபோனோம். இரண்டாவது குழந்தையும் வந்தது. ஞாயிறு காலையில் இரண்டு பஸ் மாறி மைதானத்துக்குப் போவது முடியாமல் போயிற்று. நான் கடைசியாக ஆடிய ஆட்டத்தை மழை நிறுத்திவிட்டது. பெவிலியனில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டு, அணித் தலைவி தன் பஸ் பயணிகளைப் பற்றிச் சொன்ன கதைகளைக் கேட்டுச் சிரித்தோம். தகரக் கூரையில் மழை ஓயாமல் பெய்தது. நான்கு மணிக்கு நடுவர் வந்து ஆட்டம் கிடையாது என்றார். ஈர ஷூவைத் தினசரித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினேன்.