பெயின்ட்டுக்கு அடியில்

ஆட்டோ எலக்ட்ரீஷியன், தன் மச்சானுடைய டீசல் பிக்கப் வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடும்போது பதினான்கு வரவேண்டியது, பன்னிரண்டு வோல்ட்டைத் தாண்டவில்லை. மறுநாள் காலை அதில்தான் அவருடைய மாமியாரை, அதாவது மச்சானின் அம்மாவை, டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

“மாமியார்தானேன்னு மெத்தனமா இருக்காதீங்க அத்தான். ஆல்டர்னேட்டரையே மாத்திடுங்க.”

“அளக்காம எதையும் மாத்தமாட்டேன்.”

ஆல்டர்னேட்டரிலேயே மீட்டரை வைத்தார்; பதினான்கு காட்டியது. கரண்ட் பிறக்கிறது, பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை.

“போன வாரம் வண்டிய மாப்பிள்ளை மாதிரி ஜோடிச்சியே, எர்த் வயரை என்ன பண்ணுன?”

“கழட்டி, பாடிக்கு பெயின்ட் அடிச்சு, அது மேலயே மாட்டுனேன். அழகா இல்ல?”

“அழகுதான். கரண்ட் போகத்தான் வழியில்ல.”

இரும்பு தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டி, வயரை முடுக்கினார். பேட்டரியிலும் பதினான்கு வந்தது.

மறுநாள் காலை மாமியார் ஏறி உட்கார்ந்த பிறகும், இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை அனுப்பினார்.