நெற்றியும் மின்விசிறியும் தெரியும் மதரஸா

குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிறவர் பிள்ளையின் வாயசைவைப் பார்க்க வேண்டும் என்பார்கள். எங்களுக்குத் திரையில் வாய்த்ததோ பிள்ளையின் நெற்றியும் அதற்கு மேலே சுற்றும் மின்விசிறியும்தான். கணினி முன்னால் உட்கார்ந்து ஓதிக்கொடுக்கும் சகோதரிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

மழை

தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மாடியில் சிக்னல் கிடைக்கிற ஒரே ஜன்னலோரம்தான் என் வகுப்பறை. 2011 ஜூன் மாதம். ஷார்ஜாவிலிருந்து ஆறு வயது ஷிஃபா ஓதிக்கொண்டிருந்தாள். 'ஐன்' எழுத்தைத் தொண்டையின் நடுவிலிருந்து எடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துவிட்டது. தகர ஷீட்டில் விழுந்த இரைச்சலில் நான் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லை. "நாளைக்கு ஓதலாம் மக்கா" என்று கத்தினேன். அவள் போவதாக இல்லை. கைக்குழந்தையாக ஒரே தடவை ஊருக்கு வந்து போனவள். கேமராவை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தேன். அவள் நெற்றி திரைக்கு இன்னும் நெருங்கி வந்தது. பிறகு கேட்டாள்:

"டீச்சர், மழையைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்களேன்."

தப்பு ஓதல்

குளச்சல் பர்ஹானாவுக்கு 'ர' வராது. 'லஹ்மான்' என்றுதான் ஓதுவாள். வீட்டில் ஓதியதை உம்மாவின் போனில் பதிந்து எனக்கு அனுப்புவாள். நான் திருத்தி அனுப்புவேன். அப்படி ஏழெட்டு மாதம். சவூதி தம்மாமில் வேன் ஓட்டுகிற அவள் வாப்பா, தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டார். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினேன். பெருமைதான், வேறென்ன!

ஒரு நாள் மதியம் அவரே கூப்பிட்டார்.

"டீச்சர், பிள்ளை ஆரம்பத்துல தப்பா ஓதுனது ஏதாவது கிடக்கா?"

போனில் இடமில்லாமல் பழையதையெல்லாம் எப்போதோ அழித்திருந்தேன். தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் விரலை ஓட்டினேன். கடைசியில், "எல்லாம் போச்சு காக்கா. இப்ப எவ்வளவு அழகா ஓதுறா, கேட்டியளா?" என்றேன். அவருக்குப் பின்னால் வண்டிகளின் ஹாரன் கேட்டது.

"கேட்டேன் டீச்சர். நான் இல்லாமலே வளந்துட்டா."

பக்கத்து அறை

தோஹாவிலிருந்து ஐந்து வருஷம் என்னிடம் ஓதிய ரிஸ்வானா, லீவுக்கு ஊருக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். காலையிலேயே நெய்ச்சோறு ஆக்கி வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். மனப்பாடமாக முடித்திருந்த சூரத்துல் முல்க் அத்தியாயத்தை ஓதச் சொன்னேன். வாயே திறக்கவில்லை. உம்மா ஏசவும், உம்மாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

என் போன் அடித்தது. எடுத்தேன். முழு சூராவையும் ஒரு பிழையில்லாமல் ஓதினாள். கதவிடுக்கு வழியே அவள் குரல் முதலில் வந்தது. அரை நொடி கழித்து அதே குரல் போனில் வந்தது. ஐந்து வருஷமாக இந்த இரண்டாவது குரலைத்தான் அவள் குரல் என்று நினைத்திருந்தேன். ஓதி முடித்ததும் நான் சொன்ன "மாஷா அல்லாஹ்" துண்டு துண்டாகத்தான் வந்தது. அவள் கேட்டாள்:

"டீச்சர், அழுதியளா, இல்ல நெட்டு விட்டு விட்டு வருதா?"

இத்தனை வருஷத்தில் நான் தேறியது இவ்வளவுதான்: கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைக்கத் தெரியும், கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடத்தான் தெரியவில்லை.